நிகண்டு முதல் சொற்பெட்டி வரை: எமது ஆரம்ப வகுப்புகளில் சொற்கள் கற்பிக்கப்பட்ட வரலாறு

பழைய மாணவியர் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், கல்லூரியின் கட்டடங்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் விளையாட்டு வெற்றிகளைப் பற்றியும் எழுதுவதற்கு எம்மைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்ட விடயம் சிறியது. ஆரம்பப் பிரிவில், அரிவரி தொடங்கி ஐந்தாம் வகுப்பு வரை, எமக்குச் சொற்கள் எப்படிக் கற்பிக்கப்பட்டன என்பதே அது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கும், வாசித்ததை விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்கும் இடையே உள்ள தூரம் சொல்வளம்தான். அந்தத் தூரத்தை எம்மைக் கைபிடித்துக் கடக்கச் செய்தவர்கள் ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள். பரிசளிப்பு விழா அறிக்கைகளில் அவர்களுடைய பெயர்கள் அதிகம் இடம்பெறுவதில்லை.

வைத்தியத் தொழிலில் இருப்பவருக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். நோயாளி ஒருவர் சொல்லும் சொல்லில் இருந்துதான் எமது வேலை தொடங்குகிறது. சொல் இல்லாதவரின் நோயைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை நாம் நாளாந்தம் காண்கிறோம். அதைப் பற்றிப் பின்னர் சொல்வோம். முதலில் வரலாறு.

திண்ணையும் நிகண்டும்

யாழ்ப்பாணத்தில் அச்சுப் புத்தகம் வருவதற்கு முன்னரும் பிள்ளைகள் படித்தார்கள். ஏடு தொடக்கி, மணலில் எழுத்து எழுதிப் பழகி, பின்னர் ஓலையில் எழுதி, ஒளவையாரின் நீதிநூல்களை மனனம் செய்து, அதன்பின் நிகண்டுக்குப் போனார்கள். நிகண்டு என்பது செய்யுளில் அமைந்த சொற்பொருள் நூல். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு இங்கே பெரிதும் பயிலப்பட்டது. அதில் பன்னிரண்டு தொகுதிகள் உண்டு. தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று பொருள் வகையால் சொற்கள் சேர்க்கப்பட்டிருக்கும். பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வது. அது எதுகை ஒழுங்கில் அமைந்தது.

இந்த முறையை நாம் இன்று கேலியாகப் பேசுவதுண்டு. பொருள் விளங்காமல் கிளிப்பிள்ளை போல ஒப்புவித்தார்கள் என்போம். அதில் உண்மை உண்டு. எட்டு வயதுப் பிள்ளை ஒரு பொருளுக்குரிய இருபது பெயர்களை மூச்சுவிடாமல் சொல்லும். அவற்றில் ஒன்றையேனும் தன் வாக்கியத்தில் வைத்துப் பேசத் தெரியாமலிருக்கும். ஆனால் இரண்டு விடயங்களை அந்தப் பழைய உபாத்தியாயர்கள் சரியாகவே கண்டிருந்தார்கள். ஒன்று, சொற்களைத் தனித்தனியாக அல்லாமல் இனத்தோடு இனம் சேர்த்துக் கற்க வேண்டும் என்பது. மற்றது, ஒருநாள் படித்த சொல்லை மறுநாளும் மறுவாரமும் மறுமாதமும் திரும்பக் கேட்க வேண்டும் என்பது. அவர்களிடம் குறைந்திருந்தது ஒன்றே: பிள்ளையின் வாழ்க்கையோடு சொல்லைப் பொருத்துவது.

இன்னொரு குறையும் இருந்தது. அந்தத் திண்ணையில் பெண்பிள்ளைகள் இருக்கவில்லை. ஒரு சில வீடுகளில் தகப்பனோ தமையனோ சொல்லிக்கொடுத்திருக்கலாம். பொதுவில், பெண்பிள்ளைக்கு எழுத்தறிவு வேண்டியதில்லை என்பதே அக்காலத்து எண்ணம்.

அச்சு வந்தபின்

அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி தொடங்கியது. 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. அதன்பின் வேம்படி 1834இலும் சுண்டுக்குளி 1896இலும் மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரி 1913இலும் எழுந்தன. எமது கல்லூரியும் அந்த வரிசையில் வந்த ஒன்றே. எமது முதல் மாணவியரின் பாட்டிமாரில் பலர் கைநாட்டு வைத்தவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு சில தலைமுறைகளுக்குள் எத்தனை தூரம் வந்திருக்கிறோம் என்பது தெரியும்.

அச்சோடு அகராதியும் வந்தது. நிகண்டில் ஒரு சொல்லைத் தேட வேண்டுமானால் நிகண்டு மனப்பாடமாக இருக்க வேண்டும். அகராதியில் எழுத்து வரிசை தெரிந்தால் போதும். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்து அதற்கு வழி காட்டியிருந்தார். யாழ்ப்பாணத்தில் 1842இல் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. யாழ்ப்பாண அகராதி என்றும் அதைச் சொல்வர். சுமார் 58,500 சொற்களைக் கொண்ட அந்நூலின் பின்னால் எம்மூர்ப் புலவர்களின் உழைப்பு இருந்தது. 1862இல் சென்னையில் வெளிவந்த வின்சிலோவின் தமிழ் ஆங்கில அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் இடம்பெற்றன. அதற்கான சொற்சேகரிப்பும் தொடங்கியது யாழ்ப்பாணத்தில்தான். உடுவிற் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்சிலோ அம்மையாரின் கணவரே அந்த அகராதியை முடித்தவர். பெண்கள் பாடசாலையும் சொற்களின் பெருந்தொகுப்பும் ஒரே வீட்டோடு தொடர்புபட்டிருந்தன என்பது நாம் மறக்கக்கூடாத செய்தி.

மறுபுறம், ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டு அச்சியந்திரம் வாங்கி வந்தார். சூடாமணி நிகண்டுரையை அச்சிட்டவரும் அவரே. பாலபாடங்களை எழுதியவரும் அவரே. நிகண்டு பழைய வழி, பாலபாடம் புதிய வழி. பாலபாடத்தில் பிள்ளை முதலில் எழுத்தையும் சிறு சொற்களையும் காணும். பின்னர் சிறு வாக்கியம். அதன்பின் சிறு பந்தி. அதன்பின் கதையும் கட்டுரையும். அடுத்த வகுப்புக்கு அடுத்த பாலபாடம். செய்யுளை மனனம் செய்து சொல்லைப் பெற்ற பிள்ளை, இப்போது வசனத்தை வாசித்துச் சொல்லைப் பெறத் தொடங்கியது. புதிய சொல் ஏற்கெனவே தெரிந்த சொற்களுக்கு நடுவே வந்து நின்றது. சுற்றியிருக்கும் சொற்கள் புதிய சொல்லின் பொருளைக் காட்டிக்கொடுத்தன. இன்றுவரை வாசிப்புப் புத்தகம் என்று நாம் கொடுப்பதெல்லாம் இந்த ஒழுங்கில் வந்தவையே.

மானிப்பாயில் உருவான சொற்கள்

வைத்தியத் துறையில் இருப்பவர்கள் பெருமையோடு நினைக்கும் ஒரு பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தவர். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தார். 1860களில் தமிழுக்கு மாறினார். அவரிடம் 60க்கு மேற்பட்டவர்கள் வைத்தியம் கற்றனர். அவரும் அவருடைய மாணவர்களும் மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்கள். இரண வைத்தியம் 1867இலும் மனுஷ அங்காதிபாதம் 1872இலும் கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன.

இந்நூல்களின் பெயர்களே கிறீனின் முறையைச் சொல்லும். ஒரு கருத்துக்குத் தமிழில் சொல் உண்டா என்று முதலில் தேடினார். இல்லையெனில் வடமொழியில் தேடினார். அங்கும் பொருத்தமானது கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்ப மாற்றி எழுதினார். கெமிஸ்தம் அப்படிப் பிறந்த சொல்.

இந்த முறை எமது ஆரம்ப வகுப்புக்கும் வந்து சேர்ந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். 1940களில் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்து, தாய்மொழியில் பாடங்கள் நடக்கத் தொடங்கிய பின், விஞ்ஞானத்துக்கும் சமூகக்கல்விக்கும் ஆயிரக்கணக்கான புதிய சொற்கள் தேவைப்பட்டன. அவை உருவான வழியும் ஏறத்தாழ இதுவே. ஒளித்தொகுப்பு, சமிபாடு, சுவாசப்பை, சிறுநீரகம், வளிமண்டலம், ஒட்சிசன் எல்லாம் எமது பாடப்புத்தகச் சொற்கள். எமது ஐந்தாம் வகுப்பு ஆசிரியை இவற்றைப் பிரித்துக் காட்டித்தான் கற்பிப்பார். வெப்பமானி என்ற சொல்லை எழுதுவார். வெப்பம் தெரியும், மானி என்றால் அளப்பது என்பார். பின்னர், "அமுக்கத்தை அளக்கிறதுக்கு என்ன பேர் வைப்பியள் பிள்ளையள்?" என்று கேட்பார். அமுக்கமானி என்று நாற்பது குரல்கள் எழும். "ஈரத்தை?" என்பார். ஈரமானி என்போம். எவரும் சொல்லித்தராத சொல்லை நாமே செய்துவிட்டோம் என்ற பெருமிதத்தோடு வீட்டுக்குப் போவோம்.

இதனால் கிடைத்த பயன் பின்னாளில்தான் தெரிந்தது. உயர்தரம்வரை தமிழில் படித்து, மருத்துவ பீடத்தில் ஆங்கிலப் புத்தகங்களைத் திறந்தபோது எம்மில் பலர் திகைத்தோம். ஆனால் ஒரு சொல்லைக் கண்டால் அதை உடைத்துப் பார்க்கும் பழக்கம் கைவசம் இருந்தது. ஐற்றிஸ் என்று முடிந்தால் அழற்சி என்று பிடித்துக்கொண்டோம். அப்பெண்டிசைற்றிஸ், கஸ்ரைற்றிஸ், ஆத்றைற்றிஸ் எல்லாம் ஒரே நாளில் வரிசைக்கு வந்தன. மானியும் இயலும் படித்த பிள்ளைக்குக் கிரேக்க வேர்களும் லத்தீன் வேர்களும் அவ்வளவு அந்நியமாக இருக்கவில்லை.

பாட்டும் பனையும்

நவாலியூர் சோமசுந்தரப் புலவர், 1878 முதல் 1953 வரை வாழ்ந்தவர், பிள்ளைகளுக்கென்று பாடல்கள் இயற்றினார். ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பற்றிய அவரது பாடல்களைப் பாடாமல் ஆரம்ப வகுப்பைக் கடந்த பழைய மாணவி எவரும் இருக்க முடியாது. முன்னைய காலத்துப் பிள்ளை மனனம் செய்த செய்யுளில் அதற்குத் தெரியாத உலகம் இருந்தது. புலவரின் பாட்டில் கூழும் கொழுக்கட்டையும் தோட்டமும் இருந்தன. பாட்டின் சொல்லைப் பிள்ளை வீட்டு அடுப்படியிலும் கேட்டது. மனனமும் வாழ்க்கையும் ஒன்றுசேர்ந்தன. நிகண்டில் இருந்த குறை இவ்வாறு நீங்கியது.

எமது ஆசிரியைகள் இதை வகுப்பறைக்கு வெளியேயும் கொண்டுபோனார்கள். மைதானத்தின் ஓரத்தில் நின்ற பனை எமக்கு ஒரு முழுத் தவணைக்குரிய பாடமாக இருந்தது. இளம் பனை வடலி. மேலே குருத்தோலை, அதற்கடுத்தது சார்வோலை, காய்ந்து தொங்குவது காவோலை. பாளை, நுங்கு, சீக்காய், பனங்காய், பனம்பழம். பழத்தைப் பிழிந்து களியைப் பாயில் ஊற்றிக் காயவிட்டால் பனாட்டு. கொட்டையைப் புதைத்தால் கிழங்கு. கிழங்கைப் பிளந்து காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். கிழங்கு எடுத்தபின் கொட்டைக்குள் இருப்பது பூரான், எஞ்சுவது ஊமல். ஓலையில் பின்னினால் கடகம், சுளகு, நீற்றுப்பெட்டி. ஒரு மரத்தடியில் நின்று முப்பது நாற்பது சொற்களை நாம் பெற்றோம்.

பெயரைச் சொன்னதோடு ஆசிரியை நிறுத்தவில்லை. ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பார். வடலிக்கும் கன்றுக்கும் பிள்ளைக்கும் என்ன வேறுபாடு என்பார். வாழைக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி. வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்தால்தான் சொல் தெரியும் என்பது அவருடைய கட்சி. ஒத்த கருத்துச் சொல், எதிர்க்கருத்துச் சொல், ஒலி மரபு, இளமைப் பெயர் என்று புலமைப்பரிசில் வினாத்தாளில் வருபவற்றை எல்லாம் நாம் இப்படித்தான் கற்றோம். பரீட்சைக்காகப் படித்ததாக எமக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும்

எமது ஊர்ப் பிள்ளைக்கு இன்னொரு இடர் உண்டு. புத்தகச் சொல் வீட்டுச் சொல் போலவே இருக்கும். பொருள் வேறாக இருக்கும். எம்மூரில் பேசுதல் என்றால் ஏசுதல். உரையாடுவதற்கு நாம் கதைத்தல் என்போம். "தாய் மகளோடு அன்பாகப் பேசினாள்" என்று வாசித்தபோது, அன்பாக எப்படிப் பேசுவது என்று எம்மில் ஒருத்தி எழும்பிக் கேட்டாள். வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டார். ஒருபக்கம் வீட்டில் சொல்வது, மறுபக்கம் புத்தகம் சொல்வது. கதைத்தல், பேசுதல். பேச்சு வாங்குதல், ஏச்சு வாங்குதல். ஆறுதலாக, மெதுவாக. வடிவு, அழகு. அந்தக் கோடு தவணை முடியும்வரை அழியவில்லை.

அவர் ஒருபோதும் வீட்டுச் சொல் பிழை என்று சொல்லவில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கோ, இடம் பார்த்துப் பாவியுங்கோ என்றார். வீட்டுச் சொல் பிழை என்று கேட்டு வளரும் பிள்ளை வாய் திறக்கப் பயப்படும். வாய் திறக்காத பிள்ளைக்குச் சொல் சேராது.

தடைக் காலத்துச் சொற்பெட்டி

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. எம்மில் பலர் அதன்பின் பிறந்தவர்கள், அல்லது அப்போது கைக்குழந்தைகள். அந்த நூலகத்தில் ஒரு புத்தகத்தையும் தொடாமலே நாம் வாசிக்கப் பழகினோம். 1990இல் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் கடதாசியும் மண்ணெண்ணெயும் அரிதாயின. ஜாம் போத்தல் விளக்கில் ஒரு திரியைச் சுற்றி நாலு பிள்ளைகள் இருந்து படித்த காலம் அது.

எமது மூன்றாம் வகுப்பு ஆசிரியை அந்த ஆண்டில்தான் சொற்பெட்டியைத் தொடங்கினார். பழைய பிஸ்கற் தகரம் ஒன்று. சவர்க்காரப் பெட்டிகளையும் பழைய கலண்டர் மட்டைகளையும் வெட்டிச் சிறு துண்டுகளாக்கினார். ஒவ்வொரு நாளும் கதை வாசிக்கும்போது ஒரு சொல்லில் நிறுத்துவார். அகராதிப் பொருளைச் சொல்லமாட்டார். "தயங்கினாள் எண்டால், செய்யிறதோ விடுறதோ எண்டு ஒரு நிமிஷம் நிக்கிறது. நீங்கள் எப்ப தயங்கினனீங்கள், சொல்லுங்கோ பார்ப்பம்" என்பார். மூன்று நாலு பிள்ளைகள் சொல்வார்கள். பின் அந்தச் சொல் ஒரு துண்டில் எழுதப்பட்டுத் தகரத்துக்குள் போகும். மறுநாள் காலையில் தகரத்தைக் குலுக்கி, பழைய துண்டுகளில் ஐந்தை எடுப்பார். எடுத்த சொல்லை ஒருத்தி வாக்கியத்தில் அமைக்க வேண்டும், இன்னொருத்தி நடித்துக் காட்ட வேண்டும், மூன்றாமவள் எதிர்க்கருத்துச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதல். அதிலும் அந்த வாரத்துச் சொற்கள் பாதி, பழைய மாதங்களின் சொற்கள் பாதி.

கொப்பி வீணாக்கக் கூடாது என்பதால் பெரும்பாலானவை வாயால்தான் நடந்தன. அது குறையாக அன்று தோன்றியது. இன்று நினைத்தால், நாம் அவ்வளவு கதைத்ததே பெரும் பேறு.

எவரும் கற்பிக்காத சொற்கள்

அதே காலத்தில் இன்னொரு சொற்றொகுதியும் எமக்குள் வந்து சேர்ந்தது. ஷெல், பொம்பர், ஹெலி, பங்கர், நிவாரணம், அகதி, இடம்பெயர்வு. இவற்றை எவரும் கரும்பலகையில் எழுதவில்லை. ஆயினும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தன. ஓசையைக் கேட்டே எந்த விமானம் என்று சொல்லும் அளவுக்கு நுட்பமாகத் தெரிந்திருந்தன. நாளும் கேட்டதும், ஒவ்வொரு முறையும் பொருளோடு கேட்டதும், உயிரே அதில் தங்கியிருந்ததும் காரணம். ஒரு சொல் பிள்ளையின் மனத்தில் எப்படி வேரூன்றும் என்பதற்கு இதைவிடக் கொடிய நிரூபணம் வேண்டியதில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். பிஸ்கற் தகரம் பாடசாலையிலேயே போயிற்று. தென்மராட்சியில் மரநிழலில் வகுப்புகள் நடந்தபோது, அங்கே ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த எமது ஆசிரியைகளிடம் புத்தகம் இல்லை, மட்டைத் துண்டும் இல்லை. சொல்லுக்குச் சொல் விளையாடினார்கள். ஒருத்தி சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் மற்றவள் அடுத்த சொல்லைத் தொடங்க வேண்டும். பனையும் மாவும் நின்றன, அவற்றைப் படிப்பித்தார்கள். பயம், ஏக்கம், தவிப்பு, நிம்மதி, ஆறுதல் என்ற சொற்களையும் படிப்பித்தார்கள். அழுதுகொண்டிருந்த பிள்ளையிடம், "இது பயமோ, ஏக்கமோ?" என்று கேட்டார்கள். பிள்ளை யோசித்து, "வீட்டு நினைவு" என்று சொன்னால், "அதுதான் ஏக்கம்" என்றார்கள். சொன்னவுடன் துயர் போய்விடாது. ஆனால் சொல்லத் தெரிந்த பிள்ளையை மற்றவர்கள் தேற்ற முடியும். உளநலத் துறையில் உள்ள எமது நண்பிகள் இன்று இதைத்தான் சிகிச்சை என்ற பெயரில் செய்கிறார்கள்.

ஆய்வுகள் சொல்வது

எமது ஆசிரியைகளின் முறைகளை நாம் பாசத்தினால் மட்டும் புகழவில்லை. ஆய்வுகளும் அவர்கள் பக்கமே நிற்கின்றன.

ஹேர்மன் எபிங்கவுஸ் என்ற ஜேர்மனியர் 1885இல் தன்னையே சோதனைப் பொருளாக்கி நினைவாற்றலைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். படித்தது விரைவில் மறந்துபோகும் என்றும், ஒரே நாளில் பலமுறை படிப்பதைவிட இடைவெளி விட்டு மீளப் படிப்பது நிலைக்கும் என்றும் காட்டினார். தகரத்தைக் குலுக்கிப் பழைய துண்டை எடுத்தது இதற்காகவே.

1978இல் சூசன் கேரியும் எல்சா பாட்லெற்றும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒலிவ் பச்சை நிறத்துக்குக் குரோமியம் என்று பெயர் வைத்து, நீலத்தட்டை அல்ல, குரோமியத் தட்டைக் கொண்டுவா என்றார்கள். ஒருமுறை கேட்ட அந்தச் சொல்லைப் பற்றிய ஒரு சிறு அறிவு, பல பிள்ளைகளிடம் வாரங்கள் கழிந்தும் இருந்தது. ஆனால் முழுமையான பொருள் வந்து சேர நெடுங்காலமும் பல சந்தர்ப்பங்களும் வேண்டியிருந்தன. பிள்ளை சொல்லைச் சட்டெனப் பற்றிக்கொள்ளும், மெதுவாகவே உரிமையாக்கிக்கொள்ளும். ஒருதரம் சொல்லிவிட்டோம், இனித் தெரியும்தானே என்று பெரியவர்கள் நினைப்பது இதனால்தான் பிழைக்கிறது.

2002இல் இசபெல் பெக்கும் அவரது இரு சகாக்களும் எழுதிய நூல், சொற்களை மூன்று படிகளாகப் பிரித்தது. முதற்படி, பிள்ளை வீட்டிலேயே கேட்கும் சொற்கள். மூன்றாம் படி, ஒரு பாடத்துக்கே உரிய சொற்கள். நடுப்படியில் இருப்பவை எந்தப் புத்தகத்திலும் வரக்கூடியவை, ஆனால் வீட்டுப் பேச்சில் அதிகம் வராதவை. தமிழில் சொன்னால் தயக்கம், பெருமிதம், ஏளனம், விளைவு, அரிது போன்றவை. ஆசிரியரின் நேரத்தை இந்த நடுப்படிக்கே அதிகம் செலவிட வேண்டும் என்றும், பிள்ளைக்கு விளங்கும் மொழியில் பொருள் சொல்லி, பிள்ளையின் வாழ்விலிருந்து உதாரணம் கேட்டு, திரும்பத் திரும்பப் பாவிக்க விட வேண்டும் என்றும் அவர்கள் கூறினார்கள். "நீங்கள் எப்ப தயங்கினனீங்கள்?" என்று 1990இல் கேட்ட எமது ஆசிரியை அந்த நூலைக் கண்டிருக்க முடியாது.

நோயைச் சொல்லும் சொல்

இப்போது எமது தொழிலுக்கு வருவோம். நோகுது என்ற ஒரே சொல்லோடு பிள்ளைகள் வருகிறார்கள். குத்துதோ, எரியுதோ, முறுக்குதோ, கடுக்குதோ, உளையுதோ, விண்விண் எண்டு தெறிக்குதோ என்று கேட்டால் விழிக்கிறார்கள். இந்த வேறுபாடுகளில்தான் நோய்நிர்ணயத்தின் முதற்படி இருக்கிறது. எந்த இயந்திரமும் அதைச் சொல்லாது.

வெளிநாடுகளில் வைத்தியர்களாக உள்ள எமது வகுப்புத் தோழியர் இன்னொன்றைச் சொல்கிறார்கள். அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு பேத்தி வருகிறாள். அம்மம்மா தமிழில் சொல்ல, பேத்தி அந்நாட்டு மொழியில் சொல்கிறாள். அம்மம்மா "களைக்குது" என்கிறார். பேத்தி சோர்வு என்று மொழிபெயர்க்கிறாள். எம்மூரில் களைக்கிறது என்றால் மூச்சு வாங்குகிறது என்றும் பொருள். சோர்வு என்று கேட்ட வைத்தியர் ஒரு வழியில் போவார். மூச்சு வாங்குகிறது என்று கேட்ட வைத்தியர் இருதயத்தைப் பார்ப்பார். நெஞ்செரிவுக்கும் நெஞ்சு இறுக்கத்துக்கும் இடையே உள்ள வேறுபாடும் அப்படியே. பேத்தியில் குற்றமில்லை. அவளுக்கு அந்தச் சொல்லை எவரும் வேறுபடுத்திக் காட்டவில்லை. ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் வேறுபாடு கேட்ட ஓர் ஆசிரியை அவளுக்குக் கிடைக்கவில்லை.

சொல்வளம் என்பது அழகுக்காக அணியும் நகை என்று சிலர் எண்ணுகிறார்கள். சிலவேளை அது உயிர் காக்கும் மருந்து.

இனி நாம் செய்யக்கூடியவை

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் ஒஸ்லோவிலும் எமது பழைய மாணவியர் இருக்கிறார்கள். பலர் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் கற்பிக்கிறார்கள். அவர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் இருப்பவர்களுக்கும், இந்த வரலாற்றிலிருந்து சிலவற்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

கதையை வாசித்துக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சொல்லில் மட்டும் நிறுத்துங்கள். பத்துச் சொல்லில் நிறுத்தினால் கதை செத்துப்போகும். அகராதிப் பொருளுக்கு முன் வீட்டுப் பேச்சில் பொருள் சொல்லுங்கள். பிள்ளையின் அனுபவத்திலிருந்து ஒரு உதாரணம் கேளுங்கள். நேற்றைய சொல்லை இன்றும், போன மாதச் சொல்லை இந்த மாதமும் கேளுங்கள். சொல்லைத் தனியே கொடுக்காமல் அதன் உறவினரோடு கொடுங்கள். நெருங்கிய இரண்டு சொற்களுக்கு வேறுபாடு கேளுங்கள். பிள்ளை கலந்து கதைத்தால் சிரிக்காதீர்கள்; கரும்பலகையில் ஒரு கோடு போடுங்கள், இரு பக்கமும் எழுதுங்கள். உடம்பின் உறுப்புகளையும் நோவின் வகைகளையும் சொல்லும் சொற்களை மறவாது சேர்த்துக்கொள்ளுங்கள். இது வைத்தியர் என்ற முறையில் எமது தனி வேண்டுகோள்.

எமது கல்லூரியின் ஆரம்பப் பிரிவுக்கும் ஒன்று செய்யலாம். நாங்கள் ஒவ்வொருவரும் எமது ஊரின், எமது வீட்டின், எமது அம்மம்மா அப்பம்மாவின் சொற்களில் பத்தை ஒரு மட்டையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியமும் எழுதி அனுப்பினால் என்ன? நெடுந்தீவுச் சொல்லும் வடமராட்சிச் சொல்லும் வன்னிச் சொல்லும் வந்து சேரட்டும். துலா தெரியாத பிள்ளைக்குத் துலாவைச் சொல்ல ஒருவர் வேண்டும். அனுப்பப்படும் மட்டைகளை ஆரம்பப் பிரிவு நூலகத்தில் ஒரு பெட்டியில் வைத்து, நாளுக்கு ஒன்றாக எடுத்துப் படிப்பிக்க இன்றைய ஆசிரியைகள் ஆவலாக இருக்கிறார்கள். பணம் அனுப்ப முடியாதவர்களும் இதை அனுப்ப முடியும். முதுமையினால் கை நடுங்கும் அக்காமார் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். எழுதும் பிள்ளைக்கும் பத்துச் சொல் சேரும்.

நூறு ஆண்டுகளாக இச்சங்கம் கல்லூரிக்குக் கட்டடம் கொடுத்தது, தளபாடம் கொடுத்தது, புலமைப்பரிசில் கொடுத்தது. இரண்டாம் நூற்றாண்டின் முதற் கொடையாக, நாம் இங்கே பெற்ற சொற்களைத் திருப்பிக் கொடுப்போம். எமக்குச் சொற்களைத் தந்த ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள் அனைவருக்கும், இன்று இருப்பவர்களுக்கும் மறைந்தவர்களுக்கும், இக்கட்டுரை எமது வகுப்பினரின் சிறு காணிக்கை.